விளைபொருள் விற்கும் இணையதளம்: பராமரிப்பு முறைகள்

விளைவித்த பொருளுக்குக் கட்டுபடியான விலை கிடைக்க வேண்டுமானால், வாங்குவோரை நேரடியாக அடைவது ஒரு வழி. மஞ்சள் தூள், நாட்டுச் சர்க்கரை, செக்கு எண்ணெய், சிறுதானியம், மாம்பழம் போன்றவற்றைச் சொந்த இணையதளம் மூலம் விற்கும் விவசாயிகளும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் இன்று பல ஊர்களில் உள்ளனர். விவசாயிகளே உறுப்பினராக இருந்து கம்பெனி நடத்த 2002-ம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வழி செய்தது. நாடு முழுவதும் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் மத்திய அரசுத் திட்டம் 2020 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. இவற்றில் இணையதளம் வைத்துக் கொண்டவை பல.

ஆனால் தளத்தை அமைப்பதில் காட்டும் அக்கறை, அதைப் பராமரிப்பதில் பெரும்பாலும் காட்டப்படுவதில்லை. கிணற்று மோட்டாருக்குக் கிரீஸ் வைக்காமல், கிளாண்டு கயிறு மாற்றாமல், புட் வால்வைப் பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டினால் என்ன ஆகுமோ, அதுவே இணையதளத்துக்கும் ஆகும். ஒரு வித்தியாசம் உண்டு. மோட்டார் நின்றால் வாய்க்காலில் தண்ணீர் வராதது உடனே கண்ணுக்குத் தெரியும். இணையதளம் நின்றால் தெரியாது. "இந்த மாதம் ஆர்டர் குறைவு" என்று மட்டுமே தெரியும். காரணம் புரிவதற்குள் பருவம் முடிந்துவிடும்.

நாளொன்றுக்கு 4 ஆர்டர், ஓர் ஆர்டருக்கு 500 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். ஆர்டர் படிவம் 10 நாள் பழுதாகிக் கிடந்தால் 20,000 ரூபாய் விற்பனை போய்விடும். திரும்பிப் போன வாடிக்கையாளர் மறுபடி வருவார் என்பதும் நிச்சயமில்லை. கீழ்க்கண்ட சோதனைகளை முறையாகச் செய்து வந்தால் இத்தகைய நஷ்டத்தைப் பெருமளவு தவிர்க்கலாம். இவற்றில் பலவற்றுக்குக் கம்ப்யூட்டர் படிப்பு தேவையில்லை. செல்போனும் ஒழுங்கும் போதும்.

பட்டா யார் பெயரில்?

இணையதளத்தின் பெயர் நிலத்தின் பட்டா போன்றது. யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரே அதற்கு உரியவர். தளம் அமைத்துக் கொடுத்த இளைஞரே தன் பெயரில், தன் மின்னஞ்சல் முகவரியில், தன் கணக்கில் பதிவு செய்துவிடுவது பல இடங்களில் நடக்கிறது. அவரிடம் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை. வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டாலே சிக்கல்தான். நிறுவனம் பல ஆண்டு பாடுபட்டுப் பெயரெடுத்த முகவரியைப் புதுப்பிக்கவும் முடியாது, வேறு இடத்துக்கு மாற்றவும் முடியாது.

மேற்சொன்ன 2020-ம் ஆண்டுத் திட்டத்தில் நிர்வாகச் செலவுக்கான உதவி 3 ஆண்டுகளுக்கே உண்டு. அது முடிந்ததும் சம்பளத்துக்கு இருந்த அலுவலர் விலகிப் போவது இயல்பு. அவர் கையிலிருந்த கணக்குகளும் கடவுச்சொற்களும் அவரோடு போய்விடக் கூடாது.

ஆகவே முதல் வேலையாக, பெயர் பதிவு செய்த கம்பெனியின் கணக்கில் நுழைந்து, பதிவுதாரர் என்ற இடத்தில் விவசாயியின் பெயரோ நிறுவனத்தின் பெயரோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேறொருவர் பெயர் இருந்தால், அவர் தொடர்பில் இருக்கும்போதே மாற்றிக் கொள்வது நலம். மின்னஞ்சல் முகவரியையும் கவனிக்க வேண்டும். அந்த முகவரி இதே இணையதளப் பெயரில் அமைந்ததாக இருந்தால், பெயர் காலாவதியாகும்போது மின்னஞ்சலும் நின்றுவிடும். "புதுப்பிக்கவும்" என்ற நினைவூட்டல் வந்து சேராது. எனவே பதிவுக்குத் தனியாக ஒரு ஜிமெயில் போன்ற பொது முகவரியை, நிறுவனத்துக்கென்றே வைத்துக் கொள்ள வேண்டும்.

புதுப்பிக்கும் நாள்

இணையதளப் பெயரை 1 ஆண்டு முதல் 10 ஆண்டு வரை பதிவு செய்யலாம். கெடு தவறினால் தளம் மறைந்துவிடும். டாட் காம் பெயர் ஒன்று கெடு தாண்டி, பதிவுக் கம்பெனியால் நீக்கப்பட்டால், அதன் பிறகு 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அப்போது வழக்கமான கட்டணத்தோடு கூடுதல் கட்டணமும் கேட்பார்கள். அதுவும் கடந்தால் மேலும் 5 நாளில் பெயர் பொதுவுக்கு வந்துவிடும். எவரும் வாங்கிக் கொள்ளலாம். இப்படிக் கைவிடப்பட்ட பெயர்களைக் காத்திருந்து வாங்கிச் சூதாட்ட விளம்பரம் நடத்துவோர் உண்டு. பழைய வாடிக்கையாளர் மஞ்சள் வாங்க வந்து சூதாட்டப் பக்கத்தைக் கண்டால், கெடுவது விவசாயியின் பெயர்தான். டாட் இன் பெயர்களை நிர்வகிப்பது இந்தியாவின் நிக்சி என்ற அமைப்பு. அவற்றையும் உரிய கெடுவுக்குள் புதுப்பிக்கத்தான் வேண்டும்.

இது சிறியவர்களுக்கு மட்டும் நேரும் மறதி அல்ல. 1999 டிசம்பரில் மைக்ரோசாப்ட் கம்பெனி பாஸ்போர்ட் டாட் காம் என்ற தன் பெயருக்கான 35 டாலர் கட்டணத்தைக் கட்டத் தவறியது. ஹாட்மெயில் பயன்படுத்துவோர் பலர் கணக்கில் நுழைய முடியாமல் தவித்தனர். வெளியாள் ஒருவர், ஒரு நிரலாளர், தன் சொந்த அட்டையில் பணம் கட்டிய பிறகே நிலைமை சீரடைந்தது. உலகப் பெரும் கம்பெனிக்கே நேர்ந்தது, நாட்குறிப்பு வைத்துக் கொள்ளாத எவருக்கும் நேரலாம்.

கெடு முடிவதற்கு 2 மாதம் முன்பே பணம் கட்டிவிடுவது நல்லது. 3 அல்லது 5 ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டினால் கவலை குறையும். தானாகப் புதுப்பிக்கும் வசதியை வைத்திருப்பவர்கள், அதில் கொடுத்துள்ள வங்கி அட்டை காலாவதியாகவில்லையா என்று பார்க்க வேண்டும். முதல் ஆண்டுச் சலுகைக் கட்டணம் குறைவாகவும், புதுப்பிக்கும் கட்டணம் அதிகமாகவும் இருப்பது வழக்கம். இரண்டையும் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும். "உங்கள் பெயர் முடியப் போகிறது, இந்த இணைப்பில் பணம் கட்டுங்கள்" என்று ஏமாற்றுக் கடிதங்களும் வருகின்றன. கடிதத்தில் உள்ள இணைப்பை அழுத்தாமல், பதிவுக் கம்பெனியின் தளத்துக்கு நேராகச் சென்றே கட்ட வேண்டும்.

பூட்டுச் சான்றிதழ்

வாடிக்கையாளரின் செல்போனுக்கும் தளத்துக்கும் இடையே போகும் விவரங்களைப் பிறர் படிக்காமல் காப்பது எஸ்.எஸ்.எல். சான்றிதழ். இது காலாவதியானால், தளத்தைத் திறப்பவர் முன் "இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்ற எச்சரிக்கை வந்து நிற்கும். அதைப் பார்த்த பிறகு பணம் கட்டத் துணிபவர் மிகச் சிலரே.

இச்சான்றிதழின் ஆயுள் குறைந்து கொண்டே வருகிறது என்பதை விவசாயிகள் அறிந்து கொள்ள வேண்டும். 2020 செப்டம்பரிலிருந்து இதன் உச்ச ஆயுள் 398 நாளாக இருந்தது. 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று குறைக்க 2025 ஏப்ரலில் முடிவு செய்யப்பட்டது. ஆண்டுக்கொரு முறை கையால் மாற்றிய பழக்கம் இனி உதவாது. தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு வேண்டும். சான்றிதழை இலவசமாக வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு, கெடு முடிவதை மின்னஞ்சலில் நினைவூட்டும் வழக்கத்தை 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. எனவே தளத்துக்கு இடம் தரும் கம்பெனியிடம், "சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கப்படுகிறதா?" என்று கேட்டு, ஆம் என்ற பதிலை எழுத்தில் பெற்றுக் கொள்ள வேண்டும். மாதம் ஒரு முறை தளத்தைத் திறந்து எச்சரிக்கை ஏதும் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

விதை நெல் போல ஒரு பிரதி

விதை நெல்லை முழுவதும் ஒரே குதிரில் வைக்கும் விவசாயி இல்லை. தளத்தின் பக்கங்கள், படங்கள், வாடிக்கையாளர் ஆர்டர்கள் ஆகியவற்றுக்கும் காப்புப் பிரதி அவசியம். அதுவும் வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

பிரான்ஸ் நாட்டின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில், ஓ.வி.எச். கம்பெனியின் கணினி மையம் 2021 மார்ச் 10-ந் தேதி அதிகாலையில் தீப்பற்றியது. ஒரு கட்டிடம் முழுவதும் அழிந்தது. சுமார் 36 லட்சம் இணையதளங்கள் நின்றுபோனதாக நெட்கிராப்ட் என்ற ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. பிரதியை வேறு ஊரில் வைத்திருந்தவர்கள் விரைவில் மீண்டனர். பிரதியையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சிலர் எல்லாவற்றையும் இழந்தனர்.

ஆகவே இடம் தரும் கம்பெனி எடுக்கும் பிரதியோடு நின்றுவிடாமல், வாரம் ஒரு முறை ஒரு பிரதியைத் தனியே எடுத்து, அலுவலகக் கம்ப்யூட்டரிலோ கூகுள் டிரைவ் போன்ற வேறிடத்திலோ வைக்க வேண்டும். ஆர்டர் மிகுந்த பொங்கல், தீபாவளி நாள்களில் தினமும் எடுப்பது நல்லது. பழைய பிரதிகளில் கடைசி நான்கையாவது அழிக்காமல் வைக்க வேண்டும். ஏனெனில் தளத்தில் கோளாறு புகுந்தது சில வாரம் கழித்தே தெரியவரும்; கடைசிப் பிரதியிலும் அதே கோளாறு இருக்கக் கூடும்.

முளைப்புத்திறன் பார்க்காமல் விதை விதைப்பதில்லை. அதுபோல, எடுத்த பிரதி உண்மையில் திறக்கிறதா, தளத்தை மீண்டும் நிறுத்த முடிகிறதா என்று 6 மாதத்துக்கு ஒரு முறை தொழில்நுட்பம் தெரிந்தவரைக் கொண்டு சோதித்துக் கொள்ள வேண்டும். சோதிக்காத பிரதியை நம்பி இருப்பது ஆபத்து.

மென்பொருளும் களையும்

உலகின் இணையதளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் வேர்டுபிரஸ் என்ற இலவச மென்பொருளில் இயங்குகின்றன. 2003-ல் வெளிவந்த இது சிறு தொழில்களுக்கு ஏற்றது. ஆனால் இதனோடு சேர்க்கும் பிளகின் என்னும் துணை நிரல்கள் வழியாகவே திருடர்கள் அதிகம் நுழைகிறார்கள். 2020 செப்டம்பரில் பைல் மேனேஜர் என்ற பிளகினில் பெரிய ஓட்டை தெரியவந்தது. 7 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் அது இருந்தது. திருத்திய பதிப்பு உடனே வெளிவந்தும், அதை நிறுவாமல் விட்ட தளங்கள் தாக்குதலுக்கு இலக்காயின.

இதற்கு மூன்று விதிகளைக் கடைப்பிடித்தால் போதும். ஒன்று, வாரம் ஒரு முறை புதுப்பிப்பு ஏதும் வந்திருக்கிறதா என்று பார்த்து நிறுவ வேண்டும். நிறுவுமுன் காப்புப் பிரதி எடுக்க வேண்டும். பண்டிகை விற்பனைக்கு முந்தின நாளில் பெரிய மாற்றம் எதுவும் செய்யக் கூடாது. ஆனால் பாதுகாப்புக் குறையைத் திருத்தும் புதுப்பிப்பைத் தள்ளிப் போடக் கூடாது. இரண்டு, பயன்படாத பிளகின்களைக் களை போல் பிடுங்கி எறிய வேண்டும். நிறுத்தி வைத்தால் மட்டும் போதாது, நீக்கிவிட வேண்டும். மூன்று, விலை கொடுத்து வாங்க வேண்டிய நிரல்களைத் திருட்டுத்தனமாக இலவசமாகத் தரும் இடங்களிலிருந்து எடுக்கக் கூடாது. அவற்றில் கெடுதல் செய்யும் நிரல் ஒளிந்திருப்பது சாதாரணம்.

தளம் திருடர் கைக்குப் போயிருந்தாலும், உரிமையாளர் திறக்கும்போது எல்லாம் ஒழுங்காகவே தெரியலாம். தேடல் மூலம் வருவோருக்கு மட்டும் வேறு பக்கத்தைக் காட்டும் தந்திரம் உண்டு. எனவே மாதம் ஒரு முறை, வேறொருவர் செல்போனில், கூகுளில் நிறுவனத்தின் பெயரைத் தேடி அதன் வழியாகத் தளத்துக்குள் போய்ப் பார்க்க வேண்டும். கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவச வசதியில் தளத்தைப் பதிந்து வைத்தால், பாதுகாப்புக் கோளாறு தென்படும்போது மின்னஞ்சலில் தெரிவிக்கும்.

கடவுச்சொல்லும் செல்போன் எண்ணும்

பெயர்ப் பதிவு, தளத்தின் இடம், தள நிர்வாகம், மின்னஞ்சல், பணம் வாங்கும் கணக்கு ஆகிய ஐந்துக்கும் தனித்தனிக் கடவுச்சொல் வேண்டும். ஊர்ப் பெயரும் 123-ம் சேர்ந்த கடவுச்சொல் ஆகாது. செல்போனுக்கு ஓ.டி.பி. வரும் இரண்டாம் பூட்டையும் போட்டுக் கொள்ள வேண்டும். ஒருவர் வேலையை விட்டு விலகினால், கணக்கு ஒப்படைக்கும் அன்றே கடவுச்சொற்களை மாற்றிவிட வேண்டும்.

தளத்தில் அச்சிட்டுள்ள செல்போன் எண் உயிரோடு இருக்கிறதா என்பது சிறிய விஷயமாகத் தோன்றும். ஆனால் 90 நாள் பயன்படுத்தாத எண்ணைத் தொலைபேசிக் கம்பெனி துண்டித்துவிடலாம்; பிறகு அதே எண் வேறொருவருக்குக் கொடுக்கப்படும். ஆர்டர் கேட்பவர் அந்நியரிடம் பேச நேரிடும். அதைவிட மோசம், கணக்குகளின் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குப் போவது. ஆகவே தளத்துக்கான எண்ணில் ரீசார்ஜ் தவறக் கூடாது. எண்ணை மாற்ற நேர்ந்தால், பழையது இயங்கும்போதே எல்லாக் கணக்குகளிலும் மாற்றிக் கொள்ள வேண்டும்.

தானே வாடிக்கையாளராகி வாங்கிப் பார்த்தல்

எல்லாச் சோதனைகளிலும் இதுவே முக்கியமானது. மாதம் ஒரு முறை, வேறொருவருடைய செல்போனில், புதிய வாடிக்கையாளர் போலத் தளத்தைத் திறந்து, இருப்பதில் சிறிய பொட்டலம் ஒன்றை ஆர்டர் செய்து பணமும் கட்ட வேண்டும். தன் செல்போனில் பழைய பக்கமே சேமிப்பிலிருந்து தெரியக்கூடும் என்பதால்தான் வேறு செல்போன் தேவைப்படுகிறது.

ஆர்டர் விவரம் நிறுவனத்துக்கு வந்ததா, வாங்குபவருக்கு ரசீது போயிற்றா, பணம் வங்கிக் கணக்கில் சேர்ந்ததா என்று மூன்றையும் சரிபார்க்க வேண்டும். ஆர்டர் மின்னஞ்சல் ஸ்பேம் பெட்டியில் போய் ஒளிந்து கொள்வதும் உண்டு. க்யூ.ஆர். கட்டத்தை ஸ்கேன் செய்யும்போது நிறுவனத்தின் பெயரே வருகிறதா என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வேறு பெயர் வந்தால் யாரோ கட்டத்தை மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். உடனே தளத்தில் பணம் வாங்குவதை நிறுத்தி, வங்கிக்கும், சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் தெரிவிக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை மீட்பதைக் கடினமாக்கும்.

தளம் திறக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் கவனிக்கலாம். செல்போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் ஒரு படமே 3, 4 எம்.பி. இருக்கும். அதைச் சுருக்கி 200 கே.பி.க்குள் கொண்டு வந்தால் சிக்னல் குறைந்த இடத்திலும் தளம் விரைவில் திறக்கும்.

விலை, இருப்பு, சட்ட விவரங்கள்

போன பருவத்து விலையில் இன்று ஆர்டர் வந்தால், நஷ்டத்துக்குக் கொடுக்க வேண்டும் அல்லது வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்க வேண்டும். விரலி மஞ்சள், கிழங்கு மஞ்சள் விலை மாறும்போதெல்லாம் தளத்தின் விலையையும் பார்க்க வேண்டும். தீர்ந்த சரக்கை "இருப்பில் இல்லை" என்று அன்றே குறிக்க வேண்டும். தபால், கூரியர் கட்டண உயர்வையும் சேர்க்க மறக்கக் கூடாது.

2020-ம் ஆண்டு மின்னணு வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விற்பவரின் சட்டப்படியான பெயர், முகவரி, தொடர்பு எண், குறை தீர்க்கும் அலுவலர் விவரம் தளத்தில் இருக்க வேண்டும். புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். உணவுப் பொருள் விற்போர் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண்ணைக் காட்ட வேண்டும். பொட்டலப் பொருள்களின் நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரிப்பாளர் முகவரி போன்றவற்றை இணைய விற்பனையிலும் காட்ட வேண்டும் என்ற விதி 2018 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. ஆண்டுக்கொரு முறை இந்த விவரங்களைச் சான்றிதழ்களோடு ஒப்பிட்டுத் திருத்திக் கொள்ள வேண்டும்.

பராமரிப்பு அட்டவணை

வாரந்தோறும்: தளம் திறக்கிறதா என்று பார்த்தல், விலை, இருப்பு திருத்தல், ஸ்பேம் பெட்டி பார்த்தல், காப்புப் பிரதி எடுத்து மென்பொருள் புதுப்பித்தல்.

மாதந்தோறும்: வேறு செல்போனில் ஆர்டர் செய்து பணம் கட்டிப் பார்த்தல், க்யூ.ஆர். பெயர் சரிபார்த்தல்; கூகுளில் தேடி நுழைந்து பார்த்தல்; சான்றிதழ் எச்சரிக்கை வருகிறதா என்று கவனித்தல்.

6 மாதத்துக்கு ஒரு முறை: பிரதியிலிருந்து தளத்தை மீட்டுப் பார்த்தல், பயன்படாத பிளகின்களையும் விலகியவர்களின் கணக்குகளையும் நீக்குதல்.

ஆண்டுக்கொரு முறை: பதிவுதாரர் பெயர், கெடு நாள், வங்கி அட்டை பார்த்தல், சட்ட விவரங்களை ஒப்பிடுதல்.

இதற்கென ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, செய்த நாளையும் செய்தவர் பெயரையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். கணக்குகள் எந்தெந்தக் கம்பெனியில் உள்ளன, கெடு என்று, யாரை அழைப்பது என்பனவும் அதில் இருக்கட்டும். கடவுச்சொற்களை மட்டும் தனி உறையிலிட்டு ஒட்டி, பங்குப் பதிவேடு இருக்கும் பீரோவில் வைத்துப் பூட்டலாம். இயக்குநர்களில் இருவருக்காவது உறை இருக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும். வாரச் சோதனைக்கு அரை மணி நேரமும், மாதச் சோதனைக்கு ஒரு மணி நேரமும் போதும். வெளியாளிடம் ஒப்படைத்தாலும், இதே பட்டியலை ஒப்பந்தத்தில் எழுதி, மாதா மாதம் செய்ததற்குக் கணக்குக் கேட்டு வாங்க வேண்டும்.

இதுவரை எந்தச் சோதனையும் செய்யாதவர்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முயல வேண்டியதில்லை. பெயர் யாருடைய பெயரில் பதிவாகியுள்ளது, கெடு என்று முடிகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கு இந்த வாரமே விடை தேடலாம். அடுத்த வாரம் ஒரு காப்புப் பிரதியும், அதற்கடுத்த வாரம் ஒரு சோதனை ஆர்டரும் ஆகிவிட்டால், பெரிய ஆபத்துகளில் பாதிக்கு மேல் நீங்கிவிடும்.